பச்சை மின்னலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

பகல் பதினொன்று பத்து. தபால்காரரின் இடது கையைத்தான் முதலில் பார்த்தேன். மற்றக் கடிதங்களைக் காக்கிப் பையிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு தபால் கார்டை மட்டும் விரலிடுக்கில் தனியாகப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்திருந்தால் வரும் வழியிலேயே படித்துவிட்டார் என்று அர்த்தம்.

நேரம் நினைவிருக்கக் காரணம் உண்டு. அந்தக் கோடையில் பதினோரு மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் இருந்த அத்தனை விசைத்தறியும் ஒரே நொடியில் ஓய்ந்துவிடும். காதில் பஞ்சை அடைத்தது போல இருக்கும். அந்த அமைதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் தபால் வரும்.

"அப்பா இருக்காகளா பாப்பா?" என்று கேட்டார்.

இரண்டாம் சனிக்கிழமை. அப்பா வீட்டில்தான் இருந்தார். கார்டு என் அக்காவின் பெயருக்கு வந்திருந்தது. அதை அவர் அப்பாவின் கையில் கொடுத்தார்.

இதை இப்போது எழுத வைத்தது நீங்கள்தான். நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி, பழைய 'பச்சை மின்னல்' படக்கதைகளை இரண்டு தடித் தொகுதிகளாகப் போட்டிருக்கிறார்களாம், பேத்திக்கு வாங்கித் தரலாமா, எதிலிருந்து படிக்கச் சொல்ல என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி முதலிலிருந்துதான் என்று பதில் போட்டாள். அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் குழுவில் எழுத இடம் போதாது.

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் இதழில் நாயகி இரண்டு தடவை மயங்கி விழுகிறாள். இரண்டாவது இதழில் அவளுடைய அண்ணன் ஜீப்பில் வந்து காப்பாற்றுகிறான். வரைந்தவருக்கும் எழுதியவருக்கும் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதுவரை தெரியவில்லை. இன்றைய பத்து வயதுப் பெண் அந்த இரண்டையும் படித்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். மூடுவதுதான் நியாயம்.

மூன்றாவது இதழைக் கொடுங்கள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து நான்கு பேர் உள்ளே மாட்டிக்கொள்ளும் கதை. அண்ணன் இல்லை, ஜீப் இல்லை. தந்திக் கம்பியின் மேல் பச்சைக் கோடாக ஓடிவந்து, ஒரு கயிற்றோடு கிணற்றுக்குள் இறங்குகிறாள். எட்டுப் பக்கத்துக்கு வசனமே கிடையாது. மண், கயிறு, கை, மறுபடியும் மண். கடைசி ஆளை மேலே அனுப்பிய பிறகு, ஏறுவதற்குக் கயிறு இல்லாமல் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாளே, அந்தக் கட்டத்தில் குழந்தை உங்களிடம் எதுவும் கேட்காது. பக்கத்தைத் திருப்பும்.

அடுத்து ஆறாவது. மழை இதழ். அவளுடைய சக்தி மின்சாரம் சார்ந்தது. மழையில் நனைந்தால் சாதாரண மனுஷியாகிவிடுவாள். இது உங்களுக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நாம் இதை வைத்துப் பெரிய திட்டமே போட்டோம். பச்சை மின்னல் மழை அரிதான குருவிகுளம் பக்கம் வந்து குடியிருந்தால் வருஷத்தில் பத்து நாள்கூட அவளுக்குத் தோல்வி வராது என்று கணக்குச் சொன்னோம். பனவடலிசத்திரத்திலிருந்து வந்து படித்த பையன், "எங்கூருக்கு வரட்டும், ஒரு நாளும் வராது" என்று சண்டைக்கு நின்றான்.

அந்த இதழில் ஒரு பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே அவளும், அவள் தேடிவந்த திருடனும், ஒரு குழந்தையும் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். அவளிடம் இப்போது சக்தி இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. மழை எப்போது நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒன்பது பக்கம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். சண்டை இல்லாத அந்த இதழ் நமக்கு அன்று பிடிக்கவில்லை. போன வாரம் எடுத்துப் படித்தேன். தொகுதியிலேயே சிறந்தது அதுதான்.

புதுப் பதிப்பைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். தாள் பளபளக்கிறது, பச்சை கோட்டுக்குள் அடங்கி நிற்கிறது. நாம் படித்ததில் பச்சை எப்போதும் கோட்டைத் தாண்டி இடது பக்கம் வழிந்திருக்கும். அச்சுத் தகடு சரியாகப் பொருந்தாததால் வந்த பிழை. அவள் ஓடும் வேகத்தில் நிறம் பின்தங்கிவிடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டிருக்கலாம்.

புத்தகம் நமக்குக் கிடைத்த இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த வாடகைப் புத்தகக் கடை. முன்பக்கம் சோடா, கலர், கடலை மிட்டாய். உள்ளே குறுக்கே இரண்டு கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலப் புத்தகங்களை மடித்துத் தொங்கவிட்டிருப்பார் கடைக்கார அண்ணாச்சி. அட்டை கிழிந்தால் சாக்குத் தைக்கும் சணலால் தைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு வரியிலும் தையலுக்குள் போய்விட்ட முதல் இரண்டு எழுத்தை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மண்ணெண்ணெயும் கடலையும் சேர்ந்த வாசம் வரும்.

எங்கள் வீட்டில் அதற்குத் தடை. அப்பா பத்திர ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கு எழுத்தென்றால் முத்திரைத்தாளில் இருப்பதுதான். "பொம்ம போட்ட பொஸ்தகம் படிச்சா புத்தி பொம்ம மாதிரிதான் இருக்கும்" என்பார். எனவே நான் பள்ளிக்கூடப் பைக்குள்ளும், அக்கா டைப்ரைட்டிங் பாடப் புத்தகத்துக்குள்ளும் வைத்துப் படித்தோம். அக்கா பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பதினொன்று தொடங்கும் முன் கோடை இரண்டு மாதம் டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். அன்று பதினொன்றில்தான் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் வீட்டில் அதுவரை ஒரு பெண்ணும் அதை எழுதியதில்லை.

பச்சை மின்னல் யார் என்பது முகமூடிக்குள் இருந்த கேள்வி. டெலிபோன் ஆபரேட்டர், லேடி டாக்டர், டிரில் டீச்சர் என்று மூன்று பெண்கள் கதையில் வருவார்கள். மூவரில் ஒருத்தி அவள். ஒன்பதாவது இதழில் போட்டி வைத்தார்கள். கூப்பனை வெட்டி, யார் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒருவருக்கு ஒரு கூப்பன்தான். எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒரு பெயரை என் பெயரில் அனுப்பினேன். இன்னொரு பெயரை அக்காவின் பெயரில், அக்காவைக் கேட்காமல், அக்காவைப் போலக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

எது சரி என்று இங்கே சொல்ல மாட்டேன். உங்கள் பேத்திகள் இதைப் படிக்கக்கூடும்.

கார்டுக்கு வருகிறேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"உன் கடிதம் கிடைத்தது. நீ கண்டுபிடித்தது சரிதான். யாரிடமும் சொல்லிவிடாதே. அடுத்த மாதம் எல்லோரும் அறிய வெளியே வருவேன். அதுவரை பொறுத்திரு. உன் ப.மி."

அனுப்பியவர் முகவரி இல்லை. பத்திரிகையின் பெயர் இல்லை. தபால் முத்திரை கறுப்பு வட்டமாக அப்பிக்கிடந்தது. ஆசிரியரோ, வரைந்தவரோ, பச்சை மின்னலே எழுதுவது போல விளையாட்டாக எழுதியிருக்கிறார். செய்தி எழுதுகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது, யார், எங்கிருந்து என்ற இரண்டும் முதல் வரியில் வர வேண்டும் என்பது. இரண்டும் விடுபட்ட கார்டு அது.

அப்பா அதை நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். பிறகு உள்ளே போய் அக்காவின் டைப்ரைட்டிங் பயிற்சித் தாள்களை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்புப் பென்சிலில் வாத்தியார் திருத்திய அடையாளம் இருந்தது: ப.மி.

டைப்ரைட்டிங் வாத்தியாரின் பெயர் ப. மிக்கேல். முப்பது வயது இருக்கலாம். கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அப்பா பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, நடந்து போவார்கள்.

"ஏட்டி, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டு அப்பா கார்டை வாசித்துக் காட்டினார். கடைசி வரியைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அம்மா, "களவாணித்தனம் பண்ணுதவன் கார்டுலயா எழுதுவான்? இன்லாண்டு வாங்கக் காசில்லயா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"படிப்பில்லாதவ பேசாத."

"சரி, பேசல. ஊரு பூரா படிச்சிட்டு வந்த காயிதம்னு சொன்னேன்."

அக்காவை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். அவள் தெரியாது என்றாள். அது உண்மை. கார்டைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் உண்மை. அடுக்களையில் தண்ணீர் மோந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து, காதோடு, "நீதானட்டி?" என்றாள். தலையாட்டினேன். "எது சரி?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு ஒரு நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மனதில் நினைத்திருந்தது வேறொருத்தியை.

"அப்பாட்ட சொல்லிரவாக்கா?"

"இப்பச் சொன்னா நம்ப மாட்டாக. நான் ஒன்னியச் சொல்ல வச்சேம்பாக. ஒரு மாசந்தான? பொஸ்தகம் வரட்டும், காட்டிக்கிடலாம்."

நான் ஒத்துக்கொண்டேன். அக்கா சொன்னதற்காக மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்று கார்டில் எழுதியிருந்தது. பச்சை மின்னலே எழுதியிருக்கிறாள். பத்து வயதில் அந்த உத்தரவை நான் மீறுவதாக இல்லை.

டைப்ரைட்டிங் அன்றோடு நின்றது. எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, வாத்தியாரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரப் புறப்பட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நடையில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"என்ன சொல்லுதான்?" என்றார் அப்பா.

"'அண்ணாச்சி, எனக்குப் பிள்ளைகளோட வெரலுதான் தெரியும், மொகம் தெரியாது'ங்கான். எந்தக் கோமதிங்கான். அவங்கிட்ட ஏழு கோமதி படிக்காளுகளாம்."

"நடிக்கான்."

"எனக்கு அப்படித் தோணல அத்தான்."

"ஒனக்கு என்ன தோணும்."

அக்காவின் பெயரை மாமா சொல்லிவிட்டதால் நானும் மறைக்கவில்லை. நம் ஊரில் அம்மன் பெயர் அது. தெருவுக்கு நாலு கோமதி இருந்த காலம்.

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் மட்டும் போனேன். அக்காவின் பள்ளிக்கூடப் பச்சைத் தாவணி, தேய்த்து மடித்தது மடித்தபடி கொடியில் கிடந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து அக்காவுக்குச் சம்பந்தம் பேச ஆள் வந்தது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். போகும்போது ஒரு சாக்கு எலுமிச்சம்பழம் இறக்கிவிட்டுப் போனார்கள். வீடு முழுவதும் அந்த வாசம். சோற்றில், தண்ணீரில், தலையணையில்கூட.

அம்மா அந்தச் சாக்கை அவிழ்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "மதினி, ஊறுகா போடலியா? அழுகிப்போவும்லா" என்றாள்.

"போடணும். பரணி கழுவல."

ஊறுகாய்ப் பரணிகள் மூன்றும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

பத்தாவது இதழ் ஜூனில் வரவில்லை. காகிதத் தட்டுப்பாடு என்றார் கடைக்கார அண்ணாச்சி. தினமும் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கையை விரிப்பார்.

"ஏட்டி, ஒன்னியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. நான் என்ன சிவகாசில போயி அச்சடிச்சா கொண்டாருவேன்?"

"நாளைக்கு வருமா?"

"ராஜபாளையம் பஸ்ல கட்டு வந்தா வரும். வரலன்னா வராது. ஒரு கலர் குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம்."

"ஓசிதான்ட்டி."

அப்போதும் வேண்டாம் என்றேன். இதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் முடியும்போது உத்தரவை மீறினேன். அக்கா சமையல்கட்டில் உட்கார்ந்து என்னுடைய ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பதினோராம் வகுப்புப் புத்தகங்கள் வாங்கப்படவே இல்லை. அதைப் பார்த்ததும் நேரே அப்பாவிடம் போனேன். கூப்பன், போட்டி, கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

"அக்கா சொல்லச் சொன்னாளா?"

"இல்லப்பா. நாந்தான் எழுதுனேன். ப.மி.ன்னா பச்சை மின்னல்."

"பொம்ம காயிதம் போடுமாட்டி?"

அப்பா கோபப்படாமல், ஆபீஸில் வில்லங்கம் பார்க்க வந்தவரிடம் பேசுவது போல, நிதானமாகச் சொன்னார்: "வாயால சொல்லுததுக்கு நான் என்ன செய்ய முடியும்? அச்சுல வரட்டும். அக்கா பேரு அதுல இருந்தா நம்புதேன்."

அது பெரிய வாக்காக எனக்குப் பட்டது. நாற்பது வருஷம் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன், அப்பாவின் அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை.

ஆடித் தபசுத் திருவிழா அன்று புத்தகக் கட்டு வந்தது. ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கமிருந்து வந்த, வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் மடியில் பருத்தியும் வத்தலும் பயறும் கட்டிக்கொண்டு, அம்மன் சப்பரம் வரும்போது வீசுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி அன்று கடையைத் தூக்கிக்கொண்டு வந்து ரத வீதி முனையில் ஒரு கட்டிலில் விரித்திருந்தார். கூட்டத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"ஏட்டி மின்னலு! வந்துட்டாட்டி ஒன் ஆளு!"

கட்டின் மேல் தாளைக் கூட நான்தான் கிழித்தேன். வாடகைக்கு விடும் முன்பே ஒன்றை என் கையில் கொடுத்து, "வச்சுக்க, திருப்பித் தர வேண்டாம்" என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். போட்டியில் வென்றவர்கள் என்று சிறிய அச்செழுத்தில் ஒரு பட்டியல். பதினேழாவது பெயர்: "செல்வன் ச. கோமதி, சங்கரன்கோவில்."

செல்வன்.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, அப்பாவின் மடியில் புத்தகத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பத்திரம் படிப்பது போல இனிஷியல், பெயர், ஊர் என்று வரிசையாக.

"செல்வன்னுலா போட்டிருக்கான்."

"தப்பா போட்டுட்டாங்கப்பா."

"இனிஷியலத் தப்பா போடல, ஊரத் தப்பா போடல, இத மட்டும் தப்பா போட்டானாக்கும்? நம்ம ஆபீஸ் பியூனு யாரு? கோமதிநாயகம். அவன எல்லாரும் எப்படிக் கூப்பிடுதோம்? இந்த ஊருல ச. போட்ட ஆம்பளக் கோமதி எத்தன பேரு இருக்கான் தெரியுமா?" புத்தகத்தை மூடித் தந்தார். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. உண்மையில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பெயர் அதில் இருக்க வேண்டும் என்று அவரும் நினைத்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது.

அக்கா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

அம்மாதான் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அந்த மாதிரிப் புத்தகத்தை அவள் தொட்டதே அன்றுதான் முதல் தடவை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் படிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், பட்டியலுக்குக் கீழே, வாசகர்களுக்கு நன்றி என்று கையால் எழுதிய ஒரு வரியும் அதன் கீழ் 'உங்கள் ப.மி.' என்ற கையொப்பமும் இருந்தன. அதில் விரலை வைத்தாள்.

"அந்தக் கார்டு எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"எடுங்க. எனக்கு வாசிச்சுத்தான காட்டினிய. நான் பாக்கவே இல்லயே."

அப்பா ஆபீஸ் பையின் உள்ளறையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். பிறகு என்னை அனுப்பி டைப்ரைட்டிங் தாள் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதையும் பக்கத்தில் வைத்தாள்.

அம்மா தறிக்காரர் வீட்டுப் பெண். சேலைக் கரையில் ஒரு சாண் காட்டினால் போதும், எந்தத் தெரு, யார் வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவாள். அந்தப் பார்வையை அன்று இந்த மூன்றின் மேலும் ஓட்டினாள்.

"படிக்காம பாருங்க" என்றாள் அப்பாவிடம். "இந்த மி-க்கு மேல உள்ள கொக்கி, வாத்தியாரு போட்டது, வட்டமா இருக்கு. கார்டுல வட்டமா இல்ல. நடுவுல முறிஞ்சு இறங்குது. பொஸ்தகத்துலயும் முறிஞ்சு இறங்குது."

அப்பா குனிந்து பார்த்தார். மின்னலை வரைவது போல, சுழியை வளைக்காமல் உடைத்துப் போட்டிருந்தார் அந்த ஓவியர்.

"பொஸ்தகம் பூராவும் இப்படித்தான் இருக்கு" என்று அம்மா பக்கங்களைத் திருப்பினாள். "இந்தா. இந்தா. இங்கயும். ஒரே கை."

வசனங்கள் எல்லாமே கையால் எழுதப்பட்டவை. முதல் இதழிலிருந்தே அதே கைதான். அதாவது, ஒன்பது இதழ்கள், கார்டு வந்ததிலிருந்து மூன்று மாதமாக, இரண்டு தெரு தள்ளி, கயிற்றில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அப்பா நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கார்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டியலை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்குப் போனார். கதையை முழுக்கப் படித்தார். வெளியே சப்பரத்தின் மேளம் நெருங்கி வந்து, எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. யாரும் எழுந்து போகவில்லை. கடைசிக் கட்டத்தில் முகமூடி கழலும் இடம் வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இவளா?" என்றார்.

"ஆமாப்பா."

"நான் அந்த டாக்டர் பொம்பளயில்லா நெனச்சேன்" என்றார். அவர் நினைத்தது சரியா தப்பா என்பதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்காவைக் கூப்பிடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய், புளியங்குடிக்குப் போகும் ஒருவரிடம் ஆவணி சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தார் என்று மாமா பிறகு சொன்னார். எலுமிச்சைச் சாக்கை அம்மா அவிழ்த்தபோது பாதிக்கு மேல் பூசணம் பூத்துப்போயிருந்தது. மீதியைத் தெருவில் கொடுத்தாள்.

டைப்ரைட்டிங் வாத்தியாரிடம் யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. பெண்பிள்ளைகள் வருவது ஒவ்வொருவராக நின்று, தை மாதம் அவர் பலகையைக் கழற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அந்தப் பலகையின் நான்கு ஆணித் துளைகளும் சுவரில் ரொம்ப நாள் இருந்தன. உங்களில் யாராவது அவரிடம் படித்திருந்தால், அவர் பிறகு எங்கே இருந்தார் என்று தெரிந்தால், எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பத்தாவது இதழ் என்னிடம் இல்லை. வீடு மாறியபோது போயிற்று. தொகுதியில் அந்தக் கடைசிப் பக்கத்தைச் சேர்க்கவில்லை. கதை முடிந்ததும் விளம்பரங்களையும் பட்டியலையும் நீக்கிவிட்டார்கள். வசனங்களையும் கணினி எழுத்தில் மாற்றியிருக்கிறார்கள். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. கையெழுத்து எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டால், இரண்டாம் தொகுதியின் பின்னட்டையில் ஒரு பழைய கட்டத்தை மட்டும் அப்படியே போட்டிருக்கிறார்கள், அதைக் காட்டுங்கள்.

ஆக, மூன்று, ஆறு, பிறகு நான்கும் ஐந்தும், ஏழிலிருந்து பத்து வரை வரிசையாக. அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் முதல் இரண்டு. பத்தாவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. யார் என்று தெரிந்த பிறகும் நாலு இதழ் வந்தன. முகம் தெரிந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் அதில் கதை. பதின்மூன்றாவதில் ஊரே அவளைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பக்கம் உண்டு. அதை அவசரப்படாமல் படிக்கச் சொல்லுங்கள்.

தபசு முடிந்த திங்கட்கிழமை அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அப்பா வரவில்லை. நீண்ட நாள் வராததால் அக்காவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். தலைமையாசிரியை, அம்மா கொண்டுவந்திருந்த அப்பாவின் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பதிவேட்டைத் திருப்பி, எல்லாப் பெயர்களுக்கும் கீழே அவள் பெயரை மறுபடி எழுதினார். "ரெண்டு மாசப் பாடம் இருக்கு, எழுதிக்கிடு" என்றார். அக்கா சரி டீச்சர் என்றாள்.

தலைமையாசிரியை கடிதத்தை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் சாய்வில்லாத ஆபீஸ் எழுத்து. இத்தனை நாள் வராத காரணம் என்ற இடத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது.